முடுக்குவதும் துளையிடுவதும்

பங்குக் கூடத்தின் பெஞ்சுகள் ஆடுகின்றன என்னும் குறை நம் செவிக்கு முதன்முதலாக வந்தபோது நாம் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஆடாத பெஞ்சு எந்தக் கூடத்தில்தான் இருக்கின்றது? ஆனால் 2023ஆம் ஆண்டுக் கோடையில் நிச்சயதார்த்த விருந்தொன்றில் பெண்ணின் பெரியப்பா கையில் பாயசக் கிண்ணத்துடன் பெஞ்சோடு சாய்ந்தார். பெரியவருக்குக் காயம் ஏதுமில்லை. எனினும் அந்தப் பாயசம் சிந்திய கறை தரையிலிருந்து போவதற்குள் பெஞ்சுகளைப் பழுதுபார்ப்பது என்று பங்குப் பேரவையில் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

மொத்தம் 36 பெஞ்சுகள். தேக்குப் பலகையும் வேப்பங்கால்களுமாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டவை. கால்களின் தலையில் செதுக்கிய நாக்குகள் காலப்போக்கில் சுருங்கி, பலகையின் துளைகளுக்குள் தளர்ந்து போயிருந்தன. கால் சேரும் ஒவ்வொரு மூலையிலும் இரும்பு மூலைத்தகடு ஒன்றை வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் போதும் என்றார் ஆசாரியார். மூலைக்கு நான்கு, பெஞ்சுக்குப் பதினாறு, ஆக 576 ஸ்க்ரூக்கள். கணக்கைக் கேட்டதும் நமக்கே மணிக்கட்டு வலித்தது.

ஆசாரியாருக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. அவருடைய வலக்கை மணிக்கட்டு சற்றே கோணியிருக்கும். பல ஆண்டுகளுக்கு முன், பனை உத்திரமொன்றில் மின்சார ட்ரில் கொண்டு துளையிட்டபோது நேர்ந்தது அது. பனையைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு சொல்: மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும், பனைக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. கருத்த நார்கள் கம்பிபோல் நெருங்கி நிற்கும் அந்த வெளிப்புறத்தில் பிட் அகப்பட்டுக்கொண்டால் அசையாது. பிட் நின்றுவிட்டது, மோட்டார் நிற்கவில்லை, சுழல வேண்டிய விசை முழுவதும் கருவியின் உடலைத் திருப்பிக் கையோடு முறுக்கிவிட்டது. நாட்டு வைத்தியர் கட்டிய கட்டில் எலும்பு கூடியது, கோணலாக.

ஆகவேதான், குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பங்கு அன்பர் ஒருவர் பேட்டரியில் இயங்கும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றைப் பங்கிற்கு அன்பளிப்பாகத் தந்தபோது அதிகம் மகிழ்ந்தவர் ஆசாரியார்தாம். மூன்றங்குல நீள ஸ்க்ரூவைப் பழைய வேப்பங்கட்டையில் ஒரே மூச்சில் தலைவரை இறக்கினார். பின்னர்த் தம் கோணல் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, “கையைத் திருப்பவே இல்ல சாமி” என்றார். ஒரு குழந்தையின் முகம் அவருக்கு அப்போது வந்திருந்தது.

வேலைக்கு ஒரு முறையும் வகுத்துத் தந்தார். முதலில் பழைய மின்சார ட்ரில்லில் சிறு துளை இட வேண்டும். அதன்பின் பேரன் இம்பாக்ட் டிரைவரில் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். பேரனுக்கு இருபத்திரண்டு வயது. படிப்பைப் பாதியில் விட்டு, தாத்தாவின் கைப்பையைத் தூக்கத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. அதிகம் பேசாத பிள்ளை. மரத்தைத் தொடுமுன் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்க்கும் பழக்கம் தாத்தாவிடமிருந்து அவனுக்கு வந்திருந்தது.

இரண்டு பெஞ்சுகள் முடிந்தன. மூன்றாவதைத் தொடங்கிய வெள்ளிக்கிழமை, பழைய ட்ரில் பொறி கக்கி நின்றுவிட்டது. கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்றான் பேரன். அதே நாளில் ஆசாரியார் பக்கத்து ஊரில் ஒரு துக்க வீட்டிற்குப் போயிருந்தார். ஞாயிறன்று கூடத்தில் ஒரு வரவேற்பு விழா. இதனோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. பட்டறையிலிருந்து வந்த மூலைத்தகடுகளில் நான்கு துளைகளுக்குப் பதில் இரண்டே இருந்தன. மீதி இரண்டையும் நாமே மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள அந்த இரும்பில் இட்டாக வேண்டும். தகடுகளைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் அங்குள்ள நிலை ட்ரில்லில் ஒரு முற்பகலில் வேலை தீர்ந்திருக்கும். அப்படி அனுப்பியிருந்தால் இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவையும் நேர்ந்திராது.

நாம் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு நகரத்து ஹார்டுவேர் கடைக்குப் போனோம். இம்பாக்ட் டிரைவரின் வாயில் இருப்பது கால் அங்குல அறுகோணத் துளை. நம்மிடமிருந்த பிட்டுகளோ வட்டத் தண்டு கொண்டவை. கடைக்காரர், ஒரு முனையில் அறுகோணக் கம்பியும் மறுமுனையில் கையால் இறுக்கும் சிறு சக்கும் கொண்ட இணைப்பொன்றை எடுத்துக் கொடுத்தார். “இதை மாட்டிக்கிட்டா எல்லா பிட்டும் போடலாம் சாமி” என்றார். அவர் கூறியது பொய்யன்று. எல்லாப் பிட்டும் அதில் நுழையத்தான் செய்யும். கூடவே மலிவான பிட்டுகள் பத்து அடங்கிய ஒரு பெட்டியையும் வாங்கிக்கொண்டோம்.

பேரன் தயங்கினான். “தாத்தா இதுல துளை போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு சாமி.”

“ஏன் என்று சொன்னாரா தம்பி?”

“சொல்லல. இது முடுக்குற மெஷின், துளை போடுற மெஷின் இல்லன்னு மட்டும் சொன்னாரு.”

குருமடத்தில் ஏழெட்டு ஆண்டுகள் காரண காரியங்களைப் பற்றியே வாதிட்டு வளர்ந்த மூளைக்குக் காரணம் கூறாத கட்டளை ஒருபோதும் உவப்பாயிருப்பதில்லை. “சுழல்வது சுழல்வதுதானே தம்பி, ஸ்க்ரூ சுழன்றால் முடுக்கம், பிட் சுழன்றால் துளை” என்றோம். கேட்பதற்குச் சூத்திரம்போல் இருந்தது. அந்தப் பிள்ளை அதற்கு மறுமொழி சொல்லவில்லை. சாமி சொன்னபின் என்ன சொல்வான்?

தகட்டை நாமே கட்டையின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். முதல் துளை எளிதாக விழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறே. வெள்ளிச் சுருள்களாக இரும்பு பிரிந்து வருவதைக் காண ஒருவகை இன்பமாகவே இருந்தது. எட்டாவது துளைக்குமேல் சுருள்கள் வருவது குறைந்து பொடியாக உதிரத் தொடங்கிற்று. பிட்டின் முனை நீலம் பாய்ந்திருந்தது. அஃது அடையாளம் என்று இன்று தெரிகின்றது, அன்று தெரியவில்லை. “கொஞ்சம் அழுத்து தம்பி” என்றோம். அவன் அழுத்தினான். அதுவரை சீராக இரைந்துகொண்டிருந்த கருவி, திடீரெனக் கடகடவென்று தட்டத் தொடங்கிற்று. கருவி தன் முழு வலிமையையும் காட்டுகின்றது என்று எண்ணி மனத்திற்குள் மெச்சினோம்.

பன்னிரண்டாவது துளையில், முனை தகட்டின் அடிப்புறத்தை எட்டிய கணத்தில், ஒரு சிறு ஓசை. கண்ணாடி வளையல் முறிவதுபோல. பேரன் கருவியைக் கீழே வைத்துவிட்டு இடக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல்களின் இடையே இரத்தம் வந்தது.

மாவட்டத் தலைநகரிலுள்ள கண் மருத்துவமனைக்கு ஒரு காரில் கொண்டு சென்றோம். நாற்பது நிமிடப் பயணம். அவன் ஒருமுறைதான் பேசினான். “கண்ணு தெரியுது சாமி” என்றான். அது தனக்காகச் சொன்னதன்று, நமக்காகச் சொன்னது என்பது நமக்குப் புரிந்தது. மருத்துவர் மேலிமையின் மடிப்பிலிருந்து ஒரு சீரகத்தின் அளவே இருந்த துண்டை எடுத்து, இரண்டு தையல் போட்டார். கருவிழியில் கீறலில்லை. ஒரு நெல்லளவு கீழே பட்டிருந்தால் என்று ஏதோ சொல்லத் தொடங்கியவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். துளையிடும்போது கண்ணுக்குக் கவசக் கண்ணாடி அணிந்திருந்தானா என்று மட்டும் கேட்டார். அணியவில்லை. அப்படியொன்று வாங்க வேண்டும் என்னும் எண்ணமே, பத்து பிட்டுகள் வாங்கிய நமக்கு, கடையில் தோன்றவில்லை.

இனி எழுதப்போவது இதனினும் கடினமானது.

திரும்பி வந்ததும் உபதேசியார் என்ன நடந்தது என்று கேட்டார். “பிட் உடைந்துவிட்டது” என்றோம். தமிழ் இலக்கணம் கற்றவர்கள் அறிவார்கள்: உடைந்தது என்பது தன்வினை; உடைத்தான் என்பது பிறவினை. ஒரே ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாகாமல் நின்றுவிட்டால் செய்தவன் வாக்கியத்திலிருந்தே மறைந்துபோகின்றான். அந்த மெல்லெழுத்தின் நிழலில் நாம் ஒதுங்கிக்கொண்டோம். கேட்ட ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னோம். அது பொய்யாகாது என்று நம் உள்ளத்துள் வாதிட்டுத் தீர்ப்பும் பெற்றுக்கொண்டோம்.

ஆனால் செய்தவன் இல்லாத வாக்கியத்தை ஊர் விட்டுவைப்பதில்லை. அது தானாகவே ஓர் எழுவாயைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும். கருவியைக் கையில் வைத்திருந்தவன் அந்தப் பிள்ளை. ஆகவே பையனுக்குக் கவனம் போதாது என்றாயிற்று. கீழத்தெருவில் புது வீடு கட்டியவர்கள் ஜன்னல் வேலையை அவனிடம் தருவதாக இருந்தனர். “கண்ணுல பிட்டு தெறிக்க வேலை பாக்குற பையன்கிட்ட எப்படிக் குடுக்குறது” என்று பின்வாங்கினார்கள். அச்செய்தி நமக்கு ஐந்தாம் நாளே வந்துவிட்டது. அப்போதும் நாம் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக நாம் செய்தது, காரணத்தைத் தேடிப் போனது. உண்மையைச் சொல்வதைவிட ஆராய்வது எளிது. படித்தவர்களுக்கு இது நன்கு பழகிய வழி. நகரில் மின்கருவிகள் பழுதுபார்க்கும் கடையொன்றில், ஆயுள் முடிந்த இம்பாக்ட் டிரைவர் ஒன்றைத் திறந்து காட்டுமாறு கேட்டோம். மெக்கானிக் தம்பி மனமுவந்து திறந்து காட்டினார்.

மோட்டார், அதற்கு முன்னால் பல்சக்கரங்கள். அதுவரை எல்லா ட்ரில்லிலும் உள்ளதுதான். அதற்கும் முன்னால் தடித்த ஒரு சுருள்வில். வில்லின் முகப்பில் இரு பற்களுடைய கனத்த இரும்பு வளையம். அதற்கு எதிரே, பிட்டைத் தாங்கும் தண்டில் இரு காதுகள். வளையம் சம்மட்டி என்றால் அந்தத் தண்டு பட்டடைக்கல். தடை இல்லாதவரை இரண்டும் சேர்ந்தே சுழலும். தடை மிகுந்தால் தண்டு நின்றுவிடும்; வளையமோ இரு எஃகுக் குண்டுகள் உருளும் சாய்ந்த பள்ளத்தின் வழியே வில்லை அமுக்கிக்கொண்டு பின்வாங்கி, காதைத் தாண்டி, வில்லின் உந்துதலால் முன்பாய்ந்து அடுத்த காதில் மோதும். நிமிடத்திற்கு மூவாயிரம் முறைக்குமேல் இவ்வாறு மோதும். நாம் கேட்டு மெச்சிய கடகட ஓசை அதுதான்.

லாரிச் சக்கரத்தின் நட்டு துருப்பிடித்து இறுகிவிட்டால், ஸ்பானரின் கைப்பிடியைச் சம்மட்டியால் தட்டித் தட்டி இளக்குவார்களல்லவா? அதே உத்தி. இருசக்கர வண்டிப் பட்டறைகளில் இறுகிய ஸ்க்ரூவின்மேல் ஒரு தடித்த திருப்புளியை வைத்து, தலையில் சுத்தியலால் அடிப்பார்கள். அடி திருகாக மாறும். அதற்கும் இம்பாக்ட் என்றே பெயர். ஒரு நிலையான விசை அசைக்காததை ஒரு கணத்து அடி அசைத்துவிடும். சாதாரண பேட்டரி ட்ரில் ஐம்பது அறுபது நியூட்டன் மீட்டர் திருகுவிசை தருமிடத்தில், அதே பேட்டரியைக் கொண்ட இம்பாக்ட் டிரைவர் நூற்றைம்பதுக்கும் மேல் தரும். எனினும் கையை முறுக்குவதில்லை. ஏனெனில் ஒவ்வோர் அடியும் கணத்தில் முடிந்துவிடுகின்றது. வளையத்தின் கனமே அதைத் தாங்கிக்கொள்கின்றது. கைக்கு வருவது அதிர்வு மட்டும். ஆசாரியாரின் மணிக்கட்டு மகிழ்ந்ததன் காரணம் அங்கே நம் கண்முன் எண்ணெய்ப் பிசுக்குடன் கிடந்தது.

பிட் முறிந்ததன் காரணமும் அதுவே. ட்ரில் பிட் பெரும்பாலும் ஹெச்.எஸ்.எஸ். எனப்படும் எஃகினால் ஆனது. டங்ஸ்டன் அல்லது மாலிப்டினம் கலந்த இவ்வெஃகு செஞ்சூட்டிலும் கூர்மை இழக்காது. இரும்பையே சீவும் அளவிற்குக் கடினமானது. கடினமானதெல்லாம் நொறுங்கக்கூடியது. அது வளையாது, முறுக்கிக் கொடுக்காது. சீராகச் சுழலும் விசையைத் தாங்கும். பக்கவாட்டில் விழும் ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்காது. இம்பாக்ட் டிரைவருக்கென்றே செய்யும் ஸ்க்ரூ பிட்டுகளைப் பார்த்தால் நடுவில் இடை சிறுத்திருக்கும். அடி விழும்போது அந்த இடை சற்றே முறுகி நிமிரும். நம் பிட்டிற்கோ ஒன்றரை நூல்கூட இல்லாத கனம், அதிலும் இரு பள்ளங்கள் போக எஞ்சியது கொஞ்சம். முனை தகட்டைத் துளைத்து மறுபுறம் வெளியேறும் கணத்தில், விளிம்பில் எஞ்சிய மெல்லிய இரும்பு கொக்கிபோல் பிட்டைப் பற்றிக்கொள்ளும். ட்ரில்லாக இருந்தால் அங்கே சற்றுத் திணறும், அல்லது கையைத் திருப்பும். இம்பாக்ட் டிரைவர் திணறாது. அடிக்கும்.

இவ்விடத்தில் குருமட வகுப்பு ஒன்று நினைவிற்கு வந்தது. அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் தொடக்கத்தில் தெல்பிக் கத்தி என்னும் ஒன்றைக் குறிப்பிடுகின்றார். பல வேலைகளுக்கும் பயன்படுமாறு கொல்லர்கள் செய்த சிக்கனக் கத்தி அது. இயற்கை அவ்வாறு செய்வதில்லை. ஒன்றை ஒன்றிற்காகவே படைக்கின்றது. ஒரே வேலைக்குரிய கருவியே சிறந்தது என்பது அவர் கருத்து. தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு தெல்பிக் கத்தியைக் கையில் எடுத்தபோது அது நினைவிற்கு வரவில்லை. முறிந்த பின்னரே வந்தது.

பதினோராம் நாள் மாலை ஆசாரியாரின் வீட்டிற்குப் போனோம். தீப்பெட்டியொன்றில் பிட்டின் தண்டுப் பகுதியை எடுத்துச் சென்றிருந்தோம். முனை மூன்றாம் பெஞ்சின் தகட்டிலேயே சிக்கியிருந்தது.

அவருடைய பட்டறைத் திண்ணையில் எப்போதும் பார்க்கத் தகுந்தது ஒன்று உண்டு. அவருடைய பாட்டனார் பயன்படுத்திய துரப்பணம். உருண்டைத் தண்டு, அதைச் சுற்றிய தோல்வார், அந்த வாரை இழுக்க ஒரு வில், உச்சியில் தண்டை அழுத்திப் பிடிக்க ஒரு சிரட்டைத் துண்டு. வில்லை முன்னும் பின்னும் இழுக்க, தண்டு வலமும் இடமும் மாறி மாறிச் சுழலும். நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுத்த சூதுபவளத்திலும் பளிங்கிலும் நூல் கோக்கத் துளையிட்ட கைவினைஞர்கள் இந்த மண்ணின் மூத்த துளையாளர்கள். நாம் இன்று கடையில் வாங்கும் முறுக்குப் பிட் மிகவும் பிந்தியது; 1863ஆம் ஆண்டில் ஸ்டீபன் மோர்ஸ் என்னும் அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த முறுக்குப் பள்ளங்களின் பெருமை வெட்டுவதில் இல்லை. வெட்டிய துகளை மேலே ஏற்றி வெளியேற்றுவதில் இருக்கின்றது. 1895ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபெய்ன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின்சார ட்ரில்லைச் செய்தது. இவற்றையெல்லாம் அன்று மாலை நாம் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னால் அது உண்மையாகாது. அன்று நாம் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சிரட்டைத் துண்டை மட்டும். மூன்று தலைமுறைக் கைகள் அழுத்தி அது பளபளத்திருந்தது. சிரட்டையின் அடியில் கை இருக்கும்வரை, முனை மறுபுறம் எட்டப்போவதைக் கை அறியும்.

தீப்பெட்டியைத் திறந்து கொடுத்தோம். ஆசாரியார் தண்டை வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரல் நகத்தால் வருடினார்.

“எத்தனை நூலு?”

“நாலு மில்லிமீட்டர்.”

“தண்டைச் சுத்திக் கோடு விழுந்திருக்கு பாருங்க. சக்குக்குள்ள நழுவியிருக்கு. தட்டத் தட்ட சக்கு இளகும், இளக இளக நழுவும். அந்த இணைப்பு மாட்டுனா நுனி ஆடவும் செய்யும்.” சற்று நிறுத்தினார். “இந்த இணைப்பு எங்க வீட்டுல கிடையாது சாமி.”

“நான்தான் வாங்கினேன் ஆசாரியாரே. தம்பி வேண்டாமென்று சொன்னான். நான்தான் போடச் சொன்னேன். அழுத்தச் சொன்னதும் நான்தான்.”

அவர் தலையசைத்தார். வியப்பு ஏதும் அந்த முகத்தில் இல்லை. முதல் நாளே மூன்றாம் பெஞ்சின் தகட்டைப் பார்த்திருக்கின்றார். அதில் முறிந்து நிற்கும் முனையையும், மேசையில் கிடந்த இணைப்பையும் பார்த்திருக்கின்றார். பேரனோ வீட்டில் நம் பெயரைச் சொல்லவேயில்லையாம். பதினொரு நாள்களும் அவர் காத்திருந்தார் என்பது மெல்ல நமக்கு விளங்கியபோது, அமர்ந்திருந்த திண்ணை சுட்டது.

“ஏன் கூடாதுன்னு அவன்கிட்ட நானும் சொல்லல சாமி. சொல்லியிருக்கணும்” என்றார். பின்பு எழுந்து உள்ளே போய், தண்டே அறுகோணமாக ஒரே துண்டில் செய்த மரப் பிட் ஒன்றைக் கொண்டுவந்தார். நாம் அதுவரை நினைத்திருந்ததுபோல் அவர் ஒரேயடியாக மறுப்பவர் அல்லர். மரத்தில் இதைப் போடலாம் என்றார். தட்டைப் பிட்டும், கூடாரக் கம்பத்திற்குத் துளையிடும் நீண்ட முறுக்குப் பிட்டும்கூடப் போடலாம். மேலே ஏணியில் நின்று ஒரு கையால் வேலை செய்யும்போது, கையைத் திருப்பாத கருவி உயிரைக் காக்கும். இரும்பில் சிறு பிட் வேண்டாம். சுவரில் வேண்டவே வேண்டாம். சுவருக்கு வேண்டியது முன்னும் பின்னும் குத்தும் அடி, இது தருவதோ பக்கவாட்டு அடி. பிட்டின் நுனியில் பற்றவைத்த கார்பைடு தெறித்துப் போகும். கதவுக் கீலுக்கு இடுவதுபோல் இம்மியும் பிசகக்கூடாத துளைக்கும் இது ஆகாது, ஏனெனில் அறுகோண வாயில் எப்போதும் சற்று ஆட்டம் உண்டு.

“எல்லாத்துக்கும் மேல காது சாமி. இரைஞ்சா ட்ரில்லு. தட்டுனா சம்மட்டி. தட்டுற சத்தம் வந்த உடனே விரலை எடுத்துரணும்.”

ஒரு வேப்பந்துண்டில் செய்து காட்டினார். விசையை மெல்ல அழுத்தி, கருவியின் கனமே போதும் என்பதுபோல் தளர்வாகப் பிடித்திருந்தார். சுருள் சுருளாக மரம் வந்தது. கணுவொன்று குறுக்கிட்டபோது ஓசை மாற வாயெடுத்தது. அதற்குள் விரல் எழுந்துவிட்டது. பின்னால் இழுத்து, துகளைக் கொட்டி, மறுபடியும் உள்ளே விட்டார்.

அடுத்த ஞாயிறு, அறிவிப்புகளை வாசிக்கும் நேரத்தில், நடந்ததைப் பிறவினையில் சொன்னோம். நான்கு வாக்கியங்கள்தாம். கூடியிருந்தோர் இருமக்கூட இல்லை. கீழத்தெரு வீட்டார் அன்று மாலையே வந்து வருத்தம் தெரிவித்தனர். ஆனால் ஜன்னல் வேலையை அதற்குள் வேறொருவர் தொடங்கிவிட்டிருந்தார். பாதியில் நிறுத்துவது முறையாகாது என்றார்கள். அதுவும் நியாயந்தான். அந்தக் கூலி அந்தப் பிள்ளைக்கு வரவேயில்லை. ஈடாக நாம் கொடுக்க முற்பட்டதை அவன் வாங்கவுமில்லை. கவசக் கண்ணாடிகள் இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டான்.

பழைய ட்ரில்லுக்குக் கார்பன் பிரஷ் ஒரு சோடி அறுபது ரூபாய்தான் ஆயிற்று. மாட்டுவதற்குப் பத்து நிமிடம். மூலைத்தகடுகள் பட்டறைக்குப் போய், நான்கு துளைகளுடன் மறுநாளே திரும்பிவிட்டன. எஞ்சிய பெஞ்சுகள் மழைக்காலத்திற்குள் முடிந்தன. கடைசிப் பெஞ்சின் கடைசி ஸ்க்ரூவை முடுக்குமாறு ஆசாரியார் நம்மிடம் இம்பாக்ட் டிரைவரைத் தந்தார். விசையை அழுத்துமுன் பேரன் நம் கையைத் தொட்டு நிறுத்தி, இரண்டாவது கண்ணாடியை நீட்டினான்.

மூன்றாம் பெஞ்சின் தகட்டில் அந்த முனை இன்னும் நிற்கின்றது. எடுக்க முயன்றால் தகடே கெட்டுவிடும் என்று, அதன் பக்கத்திலேயே வேறு துளையிட்டு முடுக்கிவிட்டார் ஆசாரியார்.